மீன்பிடி தடைக்காலத்துல ஆபீஸ் ஆளுகள கையால ஏதாவது செய்ய வச்சா புது ஐடியா வருமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

உச்சிப்புளிக்காரன்:

வணக்கம் மக்களே. மண்டபம் பக்கம் ஒரு இறால், கணவாய் மீன் பதப்படுத்துற கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன், பேரெல்லாம் வேணாம். ஆபீஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி, பேக்கிங் எல்லாம் சேத்து நாங்க 24 பேரு. உங்களுக்குத் தெரியும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு சரக்கு மட்டும் கொஞ்சம் வரும், அப்ப எங்களுக்கு வேலை பாதிக்கு மேல கொறஞ்சிரும், மெஷின் கழட்டி மாட்டுறது, பெயிண்ட் அடிக்கிறதுன்னு ஓடும்.

பிரச்சினை என்னன்னா மீட்டிங்னு ஒக்கார வச்சா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாக. "ஏதாவது யோசனை இருக்கா"ன்னு முதலாளி கேப்பாரு, எல்லாரும் டீ கிளாஸப் பாத்துக்கிட்டு இருப்பாக, கடைசில "நீங்க சொன்னா சரிதான் சார்". வெளிய வந்து பாத்தா கேட்டுக்கு பக்கத்துல நின்னு அவ்வளவு பேச்சு பேசுறாக, அதுல நெசமாவே நல்ல யோசனை இருக்கு, ஆனா உள்ள வராது.

போன வருசம் முதலாளி வெளியூர்ல இருந்து ஒரு ட்ரெயினரக் கூட்டியாந்தாரு. பீச் பக்கம் ஒரு ரிசார்ட்டு, ஆளுக்கு ஒரே கலர்ல டீசர்ட்டு, கண்ணக் கட்டிக்கிட்டு பின்னாடி சாயணுமாம், பின்னாடி நிக்கிறவரு புடிக்கணுமாம், அப்பத்தான் நம்பிக்கை வருமாம். எங்க பேக்கிங் அக்காமாரு யாரும் சாய மாட்டேன்னுட்டாக, நியாயந்தான, யாரு புடிப்பாகன்னு தெரியாம எப்புடி சாயிறது. அக்கவுண்ட்ஸ் அண்ணன் சாஞ்சாரு, புடிக்க வேண்டியவரு போன் பாத்துக்கிட்டு இருந்துட்டாரு, இடுப்பு புடிச்சு நாலு நாள் லீவு. நாப்பதாயிரம் போச்சு. திங்கக்கெழம பழையபடி டீ கிளாஸ்.

இந்த வருசம் என்னையே ஏதாவது ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டாரு. பட்ஜெட் அஞ்சாயிரம். ஆம்பள பொம்பள கலந்து இருக்கோம், 22 வயசுப் பையன்ல இருந்து 58 வயசு அக்கா வரைக்கும், பாதிப்பேருக்கு இங்கிலீஷ் வராது. ஓடுறது, தொடுறது, சாயிறது இருக்கக் கூடாது. கையால ஏதாவது செய்யிற மாதிரி இருந்தா எல்லாரும் கலந்துக்குவாகன்னு தோணுது. யாராவது செஞ்சு பாத்துருக்கீங்களா? அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஏதாவது மாறுச்சா, இல்ல போட்டோவோட முடிஞ்சிருச்சா?

பாம்பன்மாப்ள:

பிரியாணி போடுங்கண்ணே. நாலு டீம், நாலு அடுப்பு. தின்னுட்டு தூங்குனா கனவுல ஐடியா வரும்.

உச்சிப்புளிக்காரன்:

மாப்ள, பிரியாணின்னா எங்காளுகள்ல ரெண்டு பேருதான் செய்வாக, மிச்சம் 22 பேரு வெங்காயம் உரிச்சுக்கிட்டு "வெந்துருச்சா"ன்னு கேப்பாக. தெரிஞ்சவன் செய்வான், தெரியாதவன் வேடிக்க பாப்பான், அது இப்பவும் அப்புடித்தான நடக்குது.

தங்கச்சிமடத்தான் இப்ப சென்னைல:

நான் ஐடில பத்து வருசமா இருக்கேன், இந்த மாதிரி விளையாட்டு ஒரு முப்பதாவது பாத்துருப்பேன், பாதி குப்பை. ஒண்ணு மட்டும் உருப்படியானது, மார்ஷ்மெல்லோ சேலஞ்ச்னு சொல்வாங்க. பீட்டர் ஸ்கில்மன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, டாம் வூஜெக்னு ஒருத்தர் 2010ல டெட் (TED)ங்கிற பேச்சு மேடைல பேசுனதுக்கு அப்புறம் ஊரெல்லாம் பரவிருச்சு. நாலு நாலு பேரா பிரிச்சு, வேக வைக்காத ஸ்பகெட்டி (சேமியா மாதிரி, நீளமா இருக்கும்) 20 குச்சி, ஒரு கஜம் டேப்பு, ஒரு கஜம் நூலு, ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், அவ்வளவுதான். 18 நிமிசத்துல தானா நிக்கிற கோபுரம் கட்டணும், உச்சில அந்த மிட்டாய் இருக்கணும், எது ஒசரமோ அது ஜெயிச்சது.

இதுல வேடிக்கை என்னன்னா எம்பிஏ படிச்ச பசங்க கட்டுறதவிட கிண்டர்கார்டன் முடிச்ச புள்ளைக கட்டுறது ஒசரமா நிக்கும்னு வூஜெக் சொல்றாரு. பெரியவங்க பதினேழு நிமிசம் பேசுவாங்க, பிளான் போடுவாங்க, யாரு தலைவருன்னு மறைமுகமா சண்ட போடுவாங்க, கடைசி நிமிசத்துல மிட்டாய உச்சில வைப்பாங்க, மொத்தமும் மடங்கிரும். மிட்டாய் லேசுன்னு நெனச்சிருப்பாங்க, அந்தக் குச்சிக்கு அதுவே பாரம். புள்ளைக மொதல்லயே மிட்டாயக் குத்தி வச்சுப் பாக்கும், விழுகும், திரும்ப கட்டும். அஞ்சாறு தடவ விழுந்து எந்திரிச்சுரும்.

நம்மூருல ஸ்பகெட்டிக்கு எங்க போறது, ஈர்க்குச்சி எடுங்கன்னு சொல்ல வந்தேன், ஆனா ஊருக்கு வந்தப்ப அக்கா புள்ளைகள வச்சு செஞ்சு பாத்ததுல தென்னை ஈர்க்கு சரியா வரல, நுனி மெலிசு, வளைஞ்சு வளைஞ்சு தொங்குது. ஊதுபத்தி எரிஞ்ச மூங்கில் குச்சி இருக்குல்ல, அது நல்லா வெறப்பா நிக்கிது. மிட்டாய்க்கு பதிலா தேன்மிட்டாய், அதுவும் ஒண்ணு பத்தாது, ரெண்டு மூணு சேத்து வச்சாத்தான் பாரம் தெரியிது. எலுமிச்சம்பழம் வைக்காதீங்க, அது அநியாயம்.

ஒரு விசயம், பரிசு பெருசா வைக்காதீங்க. வூஜெக் ஒரு தடவ 10,000 டாலர் பரிசுன்னு சொல்லி வச்சாரு, அன்னிக்கு ஒரு டீம் கோபுரம்கூட நிக்கல. பணம்னதும் கை நடுங்கிருச்சு போல.

கீழக்கரை மருமக:

சகோதரருக்கு, நான் ஒரு சின்ன துணிக்கடை ஆபீஸ்ல வேலை பாத்தவ, இப்ப வீட்டுல இருந்து ஓலைப்பெட்டி பின்னி விக்கிற ஒரு குழுவுல இருக்கேன். மேல சொன்ன குச்சி கோபுரம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது முடிஞ்சதும் குப்பைல போயிரும். எனக்கு என்னமோ கைல கடைசில ஒரு பொருள் இருக்கணும்னு தோணும்.

எங்க கடைல ஒரு நாள் கொட்டான், அதான் சின்ன ஓலைப்பெட்டி, பின்ன வச்சோம். ஏன்னா கடைல மாடில தையல் பாக்குற ஒரு அம்மா இருந்தாக, பனைக்குளம் பக்கம், சின்ன வயசுல இருந்து ஓலை பின்னுறவுக, அது யாருக்குமே தெரியாது. அவுகளுக்கு அறுபது கிட்ட வயசு, ஆபீஸ்ல அவுகள யாரும் பேரச் சொல்லிக்கூட கூப்புட மாட்டாங்க, "ஏ தையலு"ன்னுதான். அன்னிக்கு அவுகதான் டீச்சர். குருத்தோலைய காய வச்சு, ஈர்க்கு எடுத்துட்டு, ஒரே அகலத்துக்கு கிழிக்கணும், அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணில நனைக்கணும், ரொம்ப நனைஞ்சா துவண்டுரும், காஞ்சிருந்தா மடிக்கிற எடத்துல வெடிச்சிரும். ஓலை ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், எங்க மேனேஜர் காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்புடித்தான் கூப்புடுவோம்) மொத அஞ்சு நிமிசத்துலயே வெரலக் கிழிச்சுக்கிட்டாரு.

அடித்தட்டு பின்னுறது லேசு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, யாரு வேணா செஞ்சிரலாம். மூலை திருப்புறதுலதான் இருக்கு எல்லாம். அந்த எடத்துல நாலு ஓலை ஒண்ணா எந்திரிச்சு நிக்கணும், ஒண்ண விட்டா மொத்தமும் பிரிஞ்சிரும். மேனேஜர் காக்கா மூணு தடவ பிரிச்சாரு. நாலாவது தடவ அவராவே "அம்மா, இத கொஞ்சம் பாருங்க"ன்னு கொண்டுபோய் நீட்டுனாரு. ஒண்ணும் பெரிய விசயமில்ல, ஆனா மாடில இருந்து எல்லாரும் அதப் பாத்தோம். அந்தம்மா அவரு கையப் பாத்துட்டு, "இழுக்காதீக தம்பி, ஓலை போற பக்கம் விடுங்க"ன்னாக.

பத்து நாளைக்கு அப்புறம் அவுகளே மேனேஜர்கிட்ட வந்து, துணி வெட்டுறப்ப மிஞ்சுற ஓரத்த கிலோ கணக்குல வெளிய போடுறீக, அத வச்சு தலகாணி ஒறைக்கு பைப்பிங் தச்சுரலாமேன்னு சொன்னாக. அது எத்தன வருசமா அவுக மனசுல இருந்துச்சோ. அதனால நான் சொல்றது என்னன்னா, உங்க ஆபீஸ்ல யாருக்கு என்ன கைவேலை தெரியும்னு மொதல்ல விசாரிங்க. வெளிய இருந்து ட்ரெயினரு தேவையே இல்ல.

கச்சான்:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்கப்பா வல்லம் கட்டுற ஆசாரி. அவருக்கு யாரும் டீம் பில்டிங் சொல்லிக் குடுக்கல. ஒரு வல்லம் ஒக்காந்து நாலு பேரு கட்டுனாங்கன்னா, பலகை வளையலன்னா வளைய வைக்க வழி கண்டுபுடிச்சாகணும், ஏன்னா ஆடி மாசம் கச்சான் காத்துல அதுல ஒருத்தன் உசுரோட கடலுக்குப் போகணும். அந்த அவசியம் இருக்குற எடத்துல மூளை தானா வேலை செய்யும். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, பாம்பன் ரயில் பாலத்துல கர்டரெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு. ரயில்வே ஆறு மாசத்துல சரி பண்ணச் சொல்லுச்சு, ஸ்ரீதரன்னு ஒரு சின்ன வயசு இன்ஜினியரு, புதுசா கர்டர் செஞ்சு வர்றதுக்குக் காத்திருக்காம கடல்ல கெடந்தத தேடி எடுத்து மறுபடி பொருத்தி 46 நாள்ல ரயில விட்டாரு. அவங்களுக்கு யாரும் டீசர்ட்டு குடுக்கல.

உங்க ஆளுக மீட்டிங்ல பேசாம இருக்குறதுக்கு காரணம் கற்பனை இல்லாதது இல்ல. பேசுனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு தடவ ஒருத்தன் ஏதாவது சொல்லிருப்பான், "உன் வேலையப் பாரு"ன்னு பதில் வந்துருக்கும், அத 24 பேரும் கேட்டிருப்பாங்க. அதுக்கு தேன்மிட்டாய் கோபுரம் கட்டுனா சரியாயிருமா? ஓவர்டைம் காச ஒழுங்கா குடுக்கச் சொல்லுங்க மொதல்ல.

உச்சிப்புளிக்காரன்:

அண்ணே, நீங்க சொன்ன ஓவர்டைம் மேட்டரு உண்மைதான், அது என் கைல இல்ல, ஆனா எழுதிக் குடுத்துருக்கேன். "உன் வேலையப் பாரு"வும் உண்மை. ரெண்டு வருசம் முன்னாடி ஐஸ் லோடு எறக்குற பையன் ஒருத்தன் ஐஸ் வேஸ்ட் ஆகுறதப் பத்தி ஏதோ சொன்னான், முதலாளி இல்ல, அப்ப இருந்த மேனேஜர் அப்புடித்தான் சொன்னாரு. அந்தப் பையன் இன்னும் இருக்கான். ஒரு வார்த்த பேச மாட்டான்.

கச்சான்:

அப்ப அந்தப் பையன வச்சே ஆரம்பிங்க. ஐஸ வச்சு போட்டி வைங்க. நெசமாத்தான் சொல்றேன், உங்ககிட்ட ஐஸ்தான் எக்கச்சக்கமா இருக்கு. டீமுக்கு ரெண்டு கிலோ ஐஸ் கட்டி குடுங்க, யார்டுல கெடக்குற சாக்கு, உமி, மரத்தூள், ஒடஞ்ச தெர்மோகோல், பழைய பேப்பரு, ஓலைப்பாய், எது வேணா எடுத்துக்கங்கன்னு விடுங்க. இருபது நிமிசம் டைம். அப்புறம் எல்லாத்தையும் வெயில்ல வச்சுட்டு மதியம் மூணு மணிக்கு எடை போடுங்க. எது கூட நிக்கிதோ அது ஜெயிச்சுது. எடை மெஷின் பொய் சொல்லாது, அதனால முதலாளிக்கு புடிச்ச டீமு, புடிக்காத டீமுன்னு ஒண்ணும் கெடையாது.

எங்க தாத்தா காலத்துல ஃப்ரிட்ஜு ஏது. 1833லயே அமெரிக்காவுல பாஸ்டன்ல இருந்து கப்பல்ல மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு ஐஸ கல்கத்தா வரைக்கும் கொண்டு வந்து வித்துருக்காங்க, பூமத்திய ரேகைய ரெண்டு தடவ தாண்டி. சென்னைல பீச்சுல இருக்குற ஐஸ் ஹவுஸ் 1842ல அதுக்குன்னு கட்டுனது. மரத்தூள வச்சு மாசக்கணக்குல ஐஸக் காப்பாத்துனான்னா உங்க 24 பேரு நாலு மணி நேரம் காப்பாத்த மாட்டாங்களா.

ரிட்டயர்டு வாத்தியார்:

கச்சான் தம்பி மொதல்ல எதிர்த்துப் பேசிட்டு கடைசில நல்ல யோசனையா குடுத்துட்டாரு, நம்மூருக்காரன்னா அப்புடித்தான்.

நான் ஒண்ணு சேக்குறேன். வெளையாட்டு முடிஞ்சதும் எல்லாரையும் வட்டமா ஒக்கார வச்சு "என்ன கத்துக்கிட்டீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. மொத ஆளு என்ன சொல்றாரோ அதையேதான் 23 பேரும் சொல்லுவாக. இத வெளிநாட்டுல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, டீல், ஸ்ட்ரோபேன்னு ரெண்டு பேரு 1987ல. கூட்டமா ஒக்காந்து யோசனை சொல்றதவிட, அதே எண்ணிக்க ஆளுக தனித்தனியா யோசிச்சு சேத்தா கூட வருதுன்னு பாத்தாங்க. காரணம் ரொம்ப சாதாரணம், ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் பேச முடியாது, தன் வரிசை வர்றதுக்குள்ள சொல்ல வந்தது மறந்துரும் இல்ல வேணாம்னு விட்டுருவாக.

அதனால சீட்டுல எழுத வைங்க. ஆறு பேரு, ஆளுக்கு ஒரு தாள், அஞ்சு நிமிசத்துல மூணு யோசனை, எழுதிட்டு பக்கத்து ஆளுகிட்ட தாளக் குடுக்கணும், அவரு அதப் பாத்துட்டு அதுக்கு மேல மூணு எழுதணும். ஆறு சுத்து. 1968ல ஜெர்மனில ரோர்பாக்னு ஒருத்தர் சொன்ன முறை. எங்க பள்ளிக்கூடத்துல ஆண்டுவிழாவுக்கு இப்புடித்தான் பிளான் போட்டோம், பிடி வாத்தியாரு வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தாள்ல மூணு பக்கம் எழுதிட்டாரு. எழுத வராதவுகளுக்கு படம் போடச் சொல்லுங்க, இல்ல பக்கத்துல ஒரு சின்னப் பையன் ஒக்காந்து அவுக சொல்றத எழுதட்டும்.

முதலாளி இருக்கணுமா வேணாமா? இருக்கட்டும், ஆனா ஒரு டீம்ல சாதாரண ஆளா. அவரு எடை போடுற எடத்துல நிக்கக் கூடாது.

தங்கச்சிமடத்தான் இப்ப சென்னைல:

வாத்தியாரய்யா சொன்னதுல ஒண்ணு மட்டும் கூட சேத்துக்கிறேன், ஐஸ் போட்டிக்கும் அந்த சீட்டுக்கும் நடுவுல ரெண்டாவது ரவுண்டு ஐஸ் வைங்க. மொத தடவ தோத்தவங்களுக்குத்தான் ரெண்டாவது தடவ புத்தி வேலை செய்யும். ஒரே ரவுண்டோட நிறுத்துனா ஜெயிச்சவன் கை தட்டுவான், தோத்தவன் வெயில் சரியில்லம்பான்.

கீழக்கரை மருமக:

சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் தனித்தனி பொட்டலம் குடுக்காதீங்க. எங்க பக்கம் விசேசத்துல சஹன்ல, அதான் பெரிய தட்டுல, நாலஞ்சு பேரு ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவாங்க, அந்த மாதிரி டீமா ஒக்காந்து சாப்புடட்டும். யாரு கூட சாப்புடுறதுங்கறதுல நம்ம ஊருல இன்னும் நெறைய இருக்கு, தெரியுமே. கட்டாயப்படுத்தாதீங்க, பாய விரிச்சு சாப்பாட்ட நடுவுல வச்சிருங்க.

உச்சிப்புளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மே மாசம் ரெண்டாவது வாரம் வைக்கிறோம். முடிஞ்சதும் வந்து சொல்றேன்.

உச்சிப்புளிக்காரன் (மூணு வாரம் கழிச்சு):

முடிஞ்சிருச்சு. நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

கம்பெனி யார்டுலயே வச்சோம், ரிசார்ட்டு கிடையாது. ஆறு ஆறு பேரா நாலு டீம், சீட்டுக் குலுக்கிப் போட்டதுல முதலாளி ரெண்டாவது டீம்ல விழுந்தாரு, அதே டீம்ல அந்த ஐஸ் எறக்குற பையனும். நான் ஒண்ணும் திட்டம் போடல, சத்தியமா அப்புடியே விழுந்துச்சு.

11 மணிக்கு வெயில்ல வச்சோம். மொத டீம் தெர்மோகோல் துண்ட எல்லாம் டேப் போட்டு ஒட்டி அழகா பெட்டி செஞ்சாக, மேல கம்பெனி பேரெல்லாம் ஸ்கெட்ச்சுல எழுதுனாக, மூடிதான் சரியா ஒக்காரல. மூணாவது டீம்ல அக்கவுண்ட்ஸ் அண்ணன், போன வருசம் இடுப்பு புடிச்சவரு, "ஐஸ்கிரீம்காரன் உப்புதான போடுறான், உப்புப் போட்டாத்தான் ஜில்லுன்னு நிக்கும்"னு அடிச்சுச் சொல்லி ரெண்டு கை கல்லுப்ப அள்ளிப் போட்டாரு. டீம்ல மிச்ச அஞ்சு பேருக்கும் சந்தேகம், ஆனா அவரு சீனியரு, ஒருத்தரும் சொல்லல. அதான் எங்க மீட்டிங்கு அப்புடியே.

மூணு மணிக்கு எடை போட்டோம். மொத டீம் 1 கிலோ 100. உப்பு டீம் பெட்டியத் தொறந்தா தண்ணில ஒரு சின்ன கட்டி மெதக்குது, 350 கிராம். உப்புத் தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு, அண்ணன் சொன்னதுல பாதி சரி, ஆனா உப்பு ஐஸ உருக்கித்தான சில்லுன்னு ஆக்கும். அவரே சிரிச்சுட்டாரு. நாலாவது டீம் 900.

ரெண்டாவது டீம்ல முதலாளி மொதல்ல பிளாஸ்டிக் கவர்ல ஐஸப் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லிருக்காரு. அந்தப் பையன் ஒண்ணும் சொல்லல, ஆனா கட்டாம கவர கைல வச்சுக்கிட்டே நின்னுருக்கான். பேக்கிங்ல இருக்குற 58 வயசு அக்காதான் "ஏன்டா தம்பி நிக்கிற, சொல்லு"ன்னு கேட்டுருக்காக. அப்புறம்தான் சொல்லிருக்கான், ஐஸ் உருகுன தண்ணில ஐஸ் ஒக்காந்துருந்தா சீக்கிரம் போயிரும் சார், தண்ணி வடியணும், லாரில அடில இருக்குற கட்டிதான் மொதல்ல கரையும்னு. கீழ நாலு செங்கல், மேல சாக்கு, நடுவுல உமி ஒரு சாண் கனம், அதுக்குள்ள ஐஸ், சுத்தி மரத்தூள், மேல ஓலைப்பாய். 1 கிலோ 450. முதலாளி எடை மெஷினப் பாத்துட்டு அவனத் திரும்பிப் பாத்தாரு. "இத ஏன்டா முன்னாடியே சொல்லல"ன்னு கேட்டாரு. அவன் "சொன்னேன் சார்"னான். அப்ப யாரும் ஒண்ணும் பேசல. எனக்கு வேர்த்துருச்சு, ஏன்னா சொன்னப்ப நானும் அங்கதான் நின்னேன்.

மறுநாள் ரெண்டாவது ரவுண்டு. எல்லா டீமும் தண்ணி வடிய வழி வச்சுட்டாக, 1 கிலோ 300க்கு கீழ யாரும் எறங்கல.

அதுக்கு அப்புறம் வாத்தியாரய்யா சொன்ன சீட்டு. ஒரே ஒரு கேள்விதான் குடுத்தேன், "நம்ம பிளாண்ட்ல தெனமும் எரிச்சலாகுற ஒரு விசயம், அதுக்கு என்ன செய்யலாம்". பேக்கிங் அக்காவுக்கு எழுத வராது, ஆபீஸ் பொண்ணு ஒண்ணு பக்கத்துல ஒக்காந்து எழுதுச்சு. எங்ககிட்ட ட்ரேல எந்த கிரேடு கணவாய்னு சீட்டு ஒட்டுவோம், ஈரத்துல மை கரைஞ்சிரும், கிரேடு மாறிப் போயி தெனமும் சண்ட. அக்கா சொன்னது, "வலைக்காரவுக யாரு வலைன்னு தெரிய கலர் துணி கட்டி முடிச்சுப் போடுவாக, இருட்டுல தடவிப் பாத்தாலே தெரியும், அதே மாதிரி ட்ரேல கயித்துல முடிச்சுப் போடுங்க, ஒரு முடிச்சு சின்னது, ரெண்டு முடிச்சு பெருசு, கையுறை போட்டுருந்தாலும் தட்டுப்படும்". அந்தத் தாளு ஆறு கை மாறுச்சு. குவாலிட்டி பொண்ணு அதுல எழுதிருந்துச்சு, கயிறு ஆகாது, நூல் பிரிஞ்சு சரக்குல விழுந்தா கண்டெய்னரே திரும்பி வந்துரும்னு. அடுத்த ஆளு, கயித்துக்கு பதிலா பிளாஸ்டிக் வில்லைல ஓரத்துல வெட்டு போடலாம், ஒரு வெட்டு, ரெண்டு வெட்டுன்னு. மறுபடி குவாலிட்டி பொண்ணு, அப்ப நீலக் கலர்ல வேணும், கணவாய்லயும் இறால்லயும் நீலம் இல்ல, விழுந்தா உடனே கண்ணுக்குத் தெரியும்னு.

இப்ப அம்பது வில்லை வெட்டிருக்கோம், ட்ரே கைப்பிடில மாட்டிப் பாக்குறோம். தடைக்காலம் முடிஞ்சு சரக்கு வந்தாத்தான் ஒழைக்குதா இல்லையான்னு தெரியும். மொத்த செலவு 3,200, அதுல சாப்பாடுதான் பெருசு. பாய விரிச்சோம், மொதல்ல ஆம்பளயாளுக ஒரு பக்கம், பொம்பளயாளுக ஒரு பக்கம்னுதான் ஒக்காந்தாக, ரெண்டாவது நாளு டீமு டீமா ஒக்காந்துட்டாக, பாதிப்பேரு.

ஓவர்டைம் இன்னும் அப்புடியேதான் இருக்கு, கச்சான் அண்ணே. அதுக்கும் ஒரு சீட்டு வந்துச்சு, பேரு இல்லாம. முதலாளி படிச்சாரு, மடிச்சு பைல வச்சுக்கிட்டாரு.

பாம்பன்மாப்ள:

நீலம் ஓகேண்ணே, ஆனா நீலக்கால் நண்டு கம்பெனிக்காரன் யாராவது இதப் படிச்சா அழுவான்.

கச்சான்:

ஜூலைல வந்து அந்தச் சீட்டு என்னாச்சுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கை தட்ட மாட்டேன். அந்தப் பையன் செஞ்ச உமிப் பொதிய மட்டும் போட்டோ எடுத்துருந்தா போடுங்க, எங்க வல்லத்துல ஐஸ்பெட்டி மாத்தணும்.

உச்சிப்புளிக்காரன்:

போட்டோ இல்லண்ணே, அவனே வந்து போட்டுத் தாரேங்குறான். ஞாயித்துக்கெழம பாம்பன் பக்கம் வருவான், உமி மட்டும் நீங்க வாங்கி வச்சிருங்க.

கீழக்கரை மருமக:

மிச்ச ஐஸ என்ன பண்ணுனீங்க?

உச்சிப்புளிக்காரன்:

நல்ல ஐஸா தனியா ஒரு கட்டி வாங்கி நன்னாரி சர்பத் போட்டோம் லாத்தா. உப்பு டீமு ஐஸ அக்கவுண்ட்ஸ் அண்ணன் துணில சுத்தி இடுப்புல வச்சுக்கிட்டாரு.